இரண்டு பத்துக்குக் கிளம்பிய புள்ளி

"இந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? எனக்கும் அங்கே ஒரு வேலை வாங்கிக் கொடுங்களேன்" என்று அந்த சிஸ்டர் கேட்டதும் அழைப்பில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்து முடித்து இரண்டு மூன்று நொடி கழித்துத்தான், அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று உறைத்தது. அவர் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் பிரசவ வார்டில் வருடக்கணக்காக ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர். திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய வார்டேதான், என் கணினிக்குள் நான் கட்டி வைத்திருந்த அதன் நகல். ஆரஞ்சுப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கர்ப்பிணி. நீலக் கட்டங்கள் படுக்கைகள். பச்சைக் கட்டம் அறுவை அரங்கு. மேலே வலது மூலையில் ஒரு கடிகாரம், நிஜத்தைவிட அறுபது மடங்கு வேகத்தில் ஓடும். அதில் ராத்திரி 2:10க்கு ஒரு புள்ளிக்கு சிசேரியன் தேவை என்று முடிவாகிறது. 2:25க்குப் பச்சைக் கட்டத்துக்குள் போகிறது. 3:15க்கு வெளியே வந்து திரையை விட்டே மறைகிறது. எனக்கோ புள்ளி சிக்காமல் சிடுக்காமல் நகர்கிறதே என்று பெருமை. அவருக்கு அந்தப் பதினைந்து நிமிடம்தான் வேடிக்கையாக இருந்தது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பார்ட்

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வெல்டிங் லைனில் ஒரு ரோபோவை கூட்டினால் மணிக்கு எத்தனை பீஸ் அதிகம் வரும், பெயின்ட் பூத்தின் முன்னால் ஏன் தேங்குகிறது, மதிய ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பழுதானால் எத்தனை நேரத்தில் லைன் நிற்கும் என்பதையெல்லாம் இரும்பில் செய்து பார்ப்பதற்கு முன்னால் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. அடிப்படை ரொம்ப எளிது. ஒரு பொருள் வரும், வரிசையில் நிற்கும், மெஷினோ ஆளோ ஓய்வானதும் உள்ளே போகும், குறிப்பிட்ட நேரம் ஆகும், வெளியே போகும். இதைப் பல்லாயிரம் தடவை, கொஞ்சம் கொஞ்சம் அதிர்ஷ்டத்தை மாற்றி மாற்றி ஓட்டினால் எங்கே நெரிசல் என்பது தெரிந்துவிடும். கல்லூரித் தோழி ஒருத்தி பொதுச் சுகாதாரத்துக்குப் போய்விட்டாள். ஏழை நாடுகளின் பிரசவ சேவையை இதே மாதிரி ஓட்டிப் பார்த்து மதிப்பிடுகிறோம், ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு மாதிரி, அதாவது கணினி மாடல், கட்டித் தருகிறாயா, சம்பளம் கிடையாது என்று கேட்டாள். சரி என்றேன். பழைய தொழிற்சாலை நிரலையே எடுத்துப் பெயர்களை மாற்றினேன். ஓரிடத்தில் மாற்ற மறந்து, கர்ப்பிணிகளுக்கு இரண்டு வாரம் 'பார்ட்' என்றே பெயர் இருந்தது. அதைத் தோழியிடம் இன்றுவரை சொல்லவில்லை, இப்போது படித்துத் தெரிந்துகொள்வாள்.

கணினி விளையாட்டு எதற்கு, நேரே போய் இறப்புகளை எண்ணினால் போதாதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. எண்ணிப் பார்த்தால்தான் சிக்கல் புரிகிறது. மலாவியின் 2015-16 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 439 தாய்மார்கள் இறந்தார்கள். அதே விகிதத்தில் நாளைக்குப் பத்துப் பிரசவம் நடக்கும் ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 3,650 பிரசவம், 16 இறப்பு. இந்தப் பதினாறு, யாரும் எதுவும் மாற்றாமலே, ஒரு வருடம் 12 ஆகவும் அடுத்த வருடம் 20 ஆகவும் சர்வ சாதாரணமாக ஆடும். புதிதாக ஒரு செவிலியரைப் போட்டதால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று ஒரு மருத்துவமனையின் கணக்கை வைத்துச் சொல்லவே முடியாது. ராத்திரி ஷிப்டை ஆறு மாதம் மூடிவைத்து என்ன ஆகிறதென்று பார்க்கவும் முடியாது. கணினியில் மூடலாம், யாரும் சாகமாட்டார்கள்.

வருகையும் அப்படித்தான். சராசரி பத்து என்றால் தினமும் பத்து வராது. பிரசவ வலிக்கு அட்டவணை இல்லை. எந்தக் காரணமும் இல்லாமலே வருடத்தில் ஒரு பத்து நாள் 17 பேரோ அதற்கு மேலோ வருவார்கள், இன்னொரு பத்து நாள் 4 பேரோ அதற்கும் குறைவாகவோ வருவார்கள். சராசரியை வைத்து ஆள் போட்ட வார்டில், அந்தப் பதினேழு பேர் நாளன்று என்ன ஆகும் என்பதை எந்த வருடாந்திர அறிக்கையும் சொல்லாது. மாதிரி சொல்லும். இந்த இடத்தில் எனக்கு இந்தத் தொழில்மேல் உண்மையான மரியாதை உண்டு.

மலாவியைத் தேர்ந்தெடுத்தது தோழிதான், ஆனால் அந்த நாட்டின் எண்களைப் பார்த்தபிறகு எனக்கும் விட மனசில்லை. 2004-இல் ஒரு லட்சத்துக்கு 984 ஆக இருந்த தாய் இறப்பு 2010-இல் 675, அப்புறம் 439. மிக ஏழ்மையான ஒரு நாடு இதைச் செய்திருக்கிறது. பத்தில் ஒன்பது பெண்கள், சரியாகச் சொன்னால் 91 சதவீதம் பேர், ஏதோ ஒரு சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோதான் பிள்ளை பெறுகிறார்கள். வீட்டில் பெறாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்ற பிரசாரம் ஜெயித்துவிட்டது. வந்துவிட்டார்கள். வந்தபிறகும் 439. அப்படியானால் பார்க்க வேண்டியது உள்ளே நடப்பதை. தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் பிரித்துச் சொன்ன மூன்று தாமதங்கள் இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம், வந்துசேர ஆகும் தாமதம், வந்தபின் வைத்தியம் கிடைக்க ஆகும் தாமதம். மூன்றாவதை அளப்பதுதான் என் மாதிரியின் வேலை. அதைத்தான் நான் பூஜ்யம் என்று போட்டிருந்தேன்.

உள்ளீட்டுத் தாள்

சிரிப்பு அடங்கியதும் சிஸ்டர் கேட்டார், "மயக்க மருந்து கொடுப்பவர் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தார்?" நான் உள்ளீட்டுத் தாளைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று ஒரு வரி இருக்கும். அறுவைக்குத் தயார் செய்தல்: 15. அறுவை: 50. மயக்க மருந்து கொடுப்பவருக்காகக் காத்திருத்தல்: 0. ஏன் பூஜ்யம்? ஏனென்றால் பிரசவப் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை. பெண் சேர்ந்த நேரம் இருந்தது, குழந்தை பிறந்த நேரம் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் நிரல் பிழை காட்டி நின்றுவிடும், அது நிற்காமல் ஓட ஏதாவது ஓர் எண் வேண்டும், பூஜ்யத்தைப் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்திருக்கிறேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

அவர் விளக்கினார். அங்கே மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் செய்வது பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர் இல்லை, கிளினிக்கல் ஆபீசர் என்ற பயிற்சி பெற்றவர்கள். மயக்க மருந்துக்கும் அதேபோலத் தனிப் பயிற்சி பெற்றவர் உண்டு. அவருடைய மருத்துவமனையில் ராத்திரிக்கு ஒருவர், அவரும் ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் 'ஆன் கால்'. போன் போட வேண்டும். எடுக்க வேண்டும். அப்புறம் அவரை அழைத்துவர ஆம்புலன்ஸ் போகும். "அந்த ஆம்புலன்ஸ் அப்போது எங்கே இருக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்: ஏதாவது ஒரு சுகாதார நிலையத்திலிருந்து இன்னொரு பெண்ணை ஏற்றிக்கொண்டு செம்மண் ரோட்டில் வந்துகொண்டிருக்கும். டீசல் இருந்தால். இல்லையென்றால் நின்றுகொண்டிருக்கும்.

என் மாதிரியில் ஆம்புலன்ஸ் உண்டு. மயக்க மருந்து கொடுப்பவரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. ஒரு பெண்ணைக் கொண்டுவரப் போன வண்டி, ஏற்கெனவே வந்து படுத்திருக்கும் இன்னொரு பெண்ணின் அறுவையைத் தாமதிக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. தொழிற்சாலையில் இதை முதல் நாளே கேட்டிருப்பேன்: ஃபோர்க்லிஃப்ட் ஒன்றுதானா, அதை வேறு யார் எடுப்பார்கள்? ஆஸ்பத்திரி என்றதும் கைகட்டி நின்றுவிட்டேன் போல.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பே என் மாதிரியிலிருந்து ஒரு முடிவு வெளியே போயிருந்தது. எந்த மாற்றம் அதிகம் உயிர் காக்கும் என்று ஏழெட்டு யோசனைகளை ஓட்டிப் பார்த்ததில், 'இரண்டாவது அறுவை அரங்கு கட்டுவது' முதலிடத்தில் வந்திருந்தது. வராமல் என்ன செய்யும்? மற்ற எல்லாக் காத்திருப்பையும் பூஜ்யம் ஆக்கிவிட்டால் மிச்சம் இருக்கிற ஒரே வரிசை அரங்கு வாசலில்தானே நிற்கும். வண்ண வண்ணப் பட்டையோடு அந்தப் படத்தை அனுப்பியிருந்தேன், தசம புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வேறு. யாரோ அதை ஒரு நிதி விண்ணப்பத்தின் வரைவில் ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது அரங்கு கட்டினால் அதற்குள் யார் நிற்பார்கள்? ராத்திரிக்கு இருப்பதே ஒரே ஒரு மயக்க மருந்துக்காரர். தப்பு என்னுடையது, அந்தப் படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று நான் எழுதிய மின்னஞ்சல் நாலே வரி. எழுத ஒரு முழு மத்தியானம் ஆனது.

அம்மாவின் கடிகாரம்

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளிலும் அப்புறம் மொபெட்டிலும் சுற்றியவர், எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று இன்றைக்கும் சொல்வார், அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. முழுசும் கேட்டுவிட்டு, "ஏண்டி, உனக்கே எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஞாபகம் இல்லையா?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. என் மகளும் ராத்திரியில் சிசேரியனில் பிறந்தவள்தான். நினைவில் இருப்பது கூரையில் பாதி எரிந்து பாதி எரியாமல் இருந்த ஒரு டியூப்லைட், பச்சைத் துணியின் டெட்டால் வாசனை, யாரோ என் கால்விரலில் மெட்டியைக் கழற்ற முயன்றது. அவ்வளவுதான். அதற்குள் நேரம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. அம்மா நிறுத்தாமல் சொன்னார்: "2:20க்கு டாக்டரம்மா வெளியே வந்து ஆபரேஷன்தான்னு சொன்னாங்க. மயக்க டாக்டர் வேற ஆஸ்பத்திரியில இருக்காரு, வந்துட்டு இருக்காருன்னாங்க. 3:05க்கு ஒரு ஆள் ஹெல்மெட்டோட ஓடி வந்தாரு. 3:31க்குப் பாப்பா அழற சத்தம்." வராந்தாவில் நின்ற நேரம் முழுக்க அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது வருடப் பழக்கம், வேறென்ன.

நாற்பத்தைந்து நிமிடம். அது நகரத்தில், காசு கொடுத்துப் போன இடத்தில், ரோடு நன்றாக இருந்தபோது. என் உடம்பே காத்திருந்த ஒரு காத்திருப்பை நானே பூஜ்யம் என்று தட்டச்சு செய்திருக்கிறேன். இதை எப்படிச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே கை கழுவப் போனபோது அம்மா பின்னாலிருந்து சொன்னது இன்னொரு குட்டு. அவர்களுடைய பதிவேட்டில், பார்த்து இல்லை என்றால் சைபர் போட வேண்டுமாம். பார்க்கவே இல்லை என்றால் கோடு. கோடு போட வேண்டிய கட்டத்தில் சைபர் போட்டதற்காக ஒரு தடவை மேலதிகாரி எல்லோர் முன்னாலும் நோட்டைத் தூக்கி மேசையில் போட்டாராம். "உன் கம்ப்யூட்டர்ல கோடு போட முடியாதா?" என்று கேட்டார். முடியாது அம்மா, போட்டால் நின்றுவிடும். "நின்னா நிக்கட்டுமே."

படுத்தபிறகுதான் இன்னொன்று தோன்றியது. உள்ளே இருந்த எனக்கு நேரம் தெரியவில்லை. டாக்டருக்கும் செவிலியருக்கும் குறித்துவைக்க நேரம் இல்லை. வெளியே நின்ற அம்மாவுக்குத்தான் முழுக் கணக்கும் தெரிந்திருந்தது. என் மாதிரியில் வெளியே நிற்பவர் என்று யாருமே கிடையாது. சேர்த்தால் திரையில் நெரிசலாகத் தெரிகிறது, கணினியும் மெதுவாகிறது என்று ஆரம்பத்திலேயே வெட்டி எறிந்திருந்தேன்.

மலாவியில் அவர்களுக்கு 'கார்டியன்' என்று பெயர். நோயாளியோடு ஒருவர் வந்தே ஆக வேண்டும், அம்மாவோ மாமியாரோ அக்காவோ. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அவர்களுக்கென்று ஒரு கொட்டகை இருக்கும், அங்கே தங்கிச் சோளமாவுக் களி கிண்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துணி துவைப்பார்கள், வெளியே போய் வாங்கவேண்டியதை வாங்கி வருவார்கள். ரத்தம் இருப்பில் இல்லாவிட்டால் முதலில் அவர்கள் கையைத்தான் நீட்டச் சொல்வார்கள். இவர்களை அலங்காரம் என்று நினைத்து நீக்கியிருந்தேன். சிச்சேவா மொழியில் கர்ப்பம் என்பதற்கும் 'நடுவில்' என்பதற்கும் ஒரே சொல், பக்காத்தி, என்று பின்னால் ஒரு நாள் சிஸ்டர் சொன்னார். நம் ஊரில் பிரசவத்தை மறுபிறப்பு என்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேலையைப் பேசவில்லை.

கொட்டகையில் கேட்டுப் பார்க்கலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அவர் தினமும் அவர்களோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். மருத்துவமனையில் உரிய அனுமதி வாங்கி, பெயர் எதுவும் எழுதாமல், நேரத்தை மட்டும் குறித்து அனுப்ப ஆரம்பித்தார். முதலில் வந்தவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. 'ஜெனரேட்டர் போட்டதற்கு அப்புறம்', 'சேவல் கூவுவதற்கு முன்னால்', 'ரொம்ப நேரம்'. ரொம்ப நேரம் என்பதை நிரலில் எப்படி எழுதுவது? அப்புறம் சிஸ்டருக்கே ஒரு யோசனை வந்தது. ஆபரேஷன் என்று சொன்னவுடன் கூட வந்தவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போன் போடுவார். உள்ளே கொண்டுபோனதும்? மறுபடி போடுவார். எல்லோரிடமும் இல்லாவிட்டாலும் நிறையப் பேரிடம் சின்னப் பட்டன் போன் இருக்கிறது, அதில் அழைத்த பட்டியல் இருக்கிறது, பட்டியலில் நேரம் இருக்கிறது. ஒரு மாமியார் தன் மகனுக்கு முதல் போன் போட்டது 1:40. அடுத்தது 4:15. நடுவில் மூன்று தடவை முயன்று பேலன்ஸ் தீர்ந்திருக்கிறது. பதிவேட்டில் இல்லாத கட்டம் ஒரு சேலைத் தலைப்பு முடிச்சில் இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அங்கே சேலை இல்லை, சித்தெஞ்சே என்ற இடுப்புத் துணி.

இதில் ஓட்டைகள் உண்டு. போன் இல்லாதவர் அதிக ஏழை, அவருடைய காத்திருப்பு இன்னும் நீளமாக இருக்கக்கூடும். இறந்துபோன பெண்ணோடு வந்தவரிடம் போய் யாரும் போனைக் காட்டு என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதனால் நான் சேர்த்த நேரங்கள் எல்லாம் பிழைத்தவர்களுடைய நேரங்கள். இது ஆய்வு இல்லை, மாதிரிக்கு ஒரு கைப்பிடி. பூஜ்யத்துக்கு இது தேவலை.

புள்ளி மறைகிற இடம்

ஒரு பூஜ்யம் அகப்பட்டதும் மற்றவற்றையும் தேடத் தொடங்கினேன். உள்ளீட்டுத் தாளில் 'யார் சொன்னது' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்து, வரி வரியாக நிரப்பினேன். 61 வரிகளில் 19 வரிக்கு நேரே 'நானே' என்று எழுத வேண்டியிருந்தது. பத்தொன்பதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, அதுதான் கவலைக்குரிய விஷயம். தெரியாத நேரத்துக்குப் பூஜ்யம். தெரியாத நிகழ்தகவுக்கு ஒன்று. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் மருந்து எப்போதும் இருக்கும், அது கெடாமல் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் குளிர்பெட்டியும் எப்போதும் ஓடும். கரண்ட் போகாது. ரத்தப்போக்கு அதிகமானால் அதை யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், 100 சதவீதம்.

இந்தக் கடைசி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் என்ற பெரிய பரிசோதனை கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பிரசவமானவுடன் அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளப்பது, அளவு தாண்டினால் வைத்தியம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது, அவ்வளவுதான் விஷயம். அப்படிச் செய்த இடங்களில் அதிக ரத்தப்போக்கை 93 சதவீதம் கண்டுபிடித்தார்கள். வழக்கம்போல் கண்ணளவில் பார்த்த இடங்களில் 51 சதவீதம். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, இறப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினால் 60 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தெரியாமலே போகிற ஒன்றை நான் நூறு என்று வைத்திருந்தால், அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை என் மாதிரியில் போட்டு ஓட்டும்போது அது ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றாது. காப்பாற்ற அங்கே ஆளே இருக்காது.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. தொழிற்சாலை மாதிரியில் பீஸ் வேலை முடிந்ததும் போய்ச் சேர ஓர் இடம் உண்டு, 'சிங்க்' என்போம், அதில் விழுந்தால் கணக்கிலிருந்து போய்விடும். என் மாதிரியில் அறுவை முடிந்த புள்ளி நேரே சிங்கில் விழுந்தது. 3:15க்கு மறைந்த அந்தப் புள்ளி ஞாபகம் இருக்கிறதா? மலாவியிலேயே மாவட்ட மருத்துவமனைகளிலும் 2 மத்திய மருத்துவமனைகளிலும் நடந்த 8,070 சிசேரியன்களைத் தொடர்ந்து பார்த்து எழுதிய ஒரு கட்டுரை 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 85 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். அதில் 68 பேர் மேசையில் இறக்கவில்லை, அறுவை முடிந்து வார்டுக்கு வந்தபிறகு இறந்தார்கள். ஐந்தில் நான்கு. என் மாதிரியோ, அறுவை முடிந்தது, பிழைத்தார், நன்றி என்று கணக்கை மூடிவிடுகிறது. பெண் உயிரோடு போய்ப் படுக்கிற அந்த வார்டு, ராத்திரியில் ஒரே செவிலியர் எத்தனையோ படுக்கைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த வார்டு, என் உலகத்திலேயே இல்லை. அந்தக் கட்டுரை இருபது வருடத்துக்கு மேலாக எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது.

இதெல்லாம் தெரிந்தபின் என் கணவர் கேட்டார், பேசாமல் இந்த மாதிரியே வேண்டாம் என்று விட்டுவிடலாமே, குப்பையைப் போட்டால் குப்பைதானே வரும்? பல நாள் நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன். இப்போது இல்லை. மாதிரிகள் உருப்படியாகச் சொன்னதும் உண்டு. ஹார்வர்டின் சூ கோல்டியும் கூட்டாளிகளும் 2010-இல் இந்தியாவுக்காக ஓட்டிப் பார்த்ததில், தாய் இறப்பைக் குறைக்கத் தனியாகச் செய்யக்கூடியவற்றில் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிதான் அதிகப் பலன் தருவது என்று வந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் நான் அடிக்கோடிட்டது வேறு வரி: பிரசவ நேர அவசர சிகிச்சை உறுதியாகக் கிடைக்காதவரை, வேறு எதைச் செய்தாலும் குறைவு 23 முதல் 35 சதவீதத்தில் போய் முட்டி நின்றுவிடும். எங்கே முட்டும் என்பதைக் களத்தில் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள எத்தனை வருடமும் எத்தனை உயிரும் போயிருக்கும்? மலாவியிலும் தான்சி லா ஒன்சே என்ற பெயரில், எல்லோருக்கும் ஆரோக்கியம் என்று அர்த்தம், நாடு முழுவதையும் ஆள் ஆளாக ஓட்டிப் பார்க்கிற பிரம்மாண்டமான மாதிரி இருக்கிறது. அதில் ஒவ்வொரு சிகிச்சையும் ஊழியர்களின் நிமிடங்களைச் சாப்பிடும். அதன் முன்னால் என்னுடையது சொப்புச் சாமான்.

ஆனால் சொப்பிலும் ஒரு லாபம் இருந்தது. 'சிசேரியன் வசதி: உண்டு, 24 மணி நேரம்' என்று ஓர் அறிக்கை அட்டவணையில் இருந்திருந்தால் அந்த சிஸ்டர் சிரித்திருக்கவே மாட்டார். அப்படி எத்தனையோ அட்டவணைகளில் அவரே டிக் போட்டிருக்கிறார், அதில் பொய்யும் இல்லை, வசதி உண்டுதான். 2:10க்குக் கிளம்பிய புள்ளி 2:25க்கு உள்ளே போவதைக் கண்ணால் பார்த்ததால்தான் சிரிப்பு வந்தது. என் தப்பு, அதைத் தெரிந்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தது. நான் கோபப்படுவது அந்த அசைவை வெட்டிவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் எடுத்துப் போகிறவர்கள்மேல். முதல் தடவை அப்படி எடுத்துக் கொடுத்ததே நான்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுபடி 2:10

மாற்றி எழுத நான்கு மாதம் ஆனது. ஆம்புலன்ஸையும் மயக்க மருந்துக்காரரையும் இணைத்தேன். அறுவைக்குப் பின் வார்டு ஒன்று வந்தது, அங்கே ராத்திரிச் செவிலியர் சுற்றி வருகிற இடைவெளியும். தெரியாத இடங்களில் ஒரே எண்ணுக்குப் பதிலாக நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்றையும் போட்டு ஓட்டினேன். எதுவுமே தெரியாத இரண்டு இடங்களில் கோடு போட்டேன். அம்மா சொன்னபடி நிரல் அங்கே நின்று, 'இது யாருக்கும் தெரியாது, எந்த எண் போடட்டும்?' என்று ஓட்டுபவரையே கேட்கும். 'நானே' வரிகள் இப்போது 19 இல்லை, 11. இரண்டாவது அறுவை அரங்கு பட்டியலில் எங்கோ கீழே போய்விட்டது. மேலே வந்தவை ராத்திரியில் மயக்க மருந்துக்காரர் வளாகத்திலேயே தங்குவதற்கு ஒரு அறை, அறுவைக்குப் பிந்தைய வார்டுக்கு இன்னொரு செவிலியர். எத்தனை உயிர் என்ற எண்ணை இந்தத் தடவை படத்தில் போடவில்லை. தோழிக்கு அது பிடிக்கவில்லை, எண் இல்லாமல் யார் பணம் தருவார்கள் என்கிறாள். அவள் சொல்வதும் வாஸ்தவம்தான். அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் மறுபடி அழைப்பு. எங்களுக்குப் பதினோரு மணி, சிஸ்டருக்குக் காலை ஏழரை, ராத்திரி ஷிப்ட் முடித்து மாடிப்படி அடியில் உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. ஆரஞ்சுப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இப்போது சின்னச் சாம்பல் புள்ளிகள், கூட வந்தவர்கள். ஓட்டினேன். 2:10க்கு ஒரு பெண்ணுக்கு சிசேரியன் என்று முடிவானது. சாம்பல் புள்ளி வெளியே வந்து நின்றது. ஆரஞ்சுப் புள்ளி அரங்கு வாசலில் நின்றது. ஆம்புலன்ஸ் திரையின் ஓரத்தில், வேறொருவரை ஏற்றப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரம் 2:30 ஆனது. 2:50. 3:10. அறுபது மடங்கு வேகத்தில் ஒரு மணி நேரம் என்பது ஒரு நிமிடம்தான், ஆனாலும் ஒரு நிமிடம் ஆறு பேர் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது ரொம்ப நீளம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் மைக்கைத் திறந்து, "மன்னிக்கவும், உங்கள் கணினி ஹேங் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சிஸ்டர் சொன்னார், "இல்லை. இப்போதுதான் சரியாக ஓடுகிறது."